டேப் சுற்றுவது பழுதுபார்ப்பு அல்ல

மாணவர்களே, மாலை நேரத்தில் உங்கள் தாமானில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். கார் நிறுத்தும் இடத்தின் மூலையில் சிறிய காற்று கம்ப்ரசர் வைத்திருக்கும் வீடு ஒன்றாவது கண்ணில் படும். ஒரு காலத்தில் பட்டறைக்கும் டயர் கடைக்கும் மட்டுமே உரிய இயந்திரம் அது. இன்று இணையக் கடையிலேயே வாங்கிவிடலாம். அப்பா மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடிக்கிறார், அண்ணன் பழைய அலமாரிக்குச் சாயம் அடிக்கிறார், நீங்கள் சைக்கிள் டயரை நிரப்புகிறீர்கள். அந்தக் கம்ப்ரசரிலிருந்து கிளம்பும் குழாயைச் சற்று உற்றுப் பாருங்கள். சில வீடுகளில் அதன் நடுவே கறுப்பு ஒயர் டேப், கட்டுப்போட்ட விரலைப் போலத் தடித்து நிற்கும்.

அந்தக் கட்டைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டேப் சுற்றுவது பழுதுபார்ப்பு அல்ல, பழுதை மறைப்பது. அதற்காக, ஓட்டை விழுந்த குழாயை உடனே குப்பையில் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. கெட்ட பகுதியை வெட்டி எறிந்து, முறையாக இணைத்து, சோதித்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துவது. அதற்கு அரை மணி நேரமும் சில வெள்ளியும் போதும். இந்த வேலையை ஓர் இடைநிலைப்பள்ளி மாணவர் கற்றுக்கொள்ளலாம், கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் வாதம்.

டேப் ஏன் உதவாது? "தண்ணீர்க் குழாயில் சுற்றினோமே, நன்றாகத்தானே நிற்கிறது?" என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வீட்டுக் கம்ப்ரசர்கள் பெரும்பாலும் 8 பார் அழுத்தம் வரை காற்றை நிரப்பும். பி.எஸ்.ஐ. அளவில் அது ஏறக்குறைய 116. ஒரு பார் என்பது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் 10 நியூட்டன் விசை. ஆகவே 8 பார் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 80 நியூட்டன். இப்போது குழாயில் 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் ஊசித் துளை இருப்பதாக வையுங்கள். அந்தத் துளையின் பரப்பு மிகச் சிறியது; அதன் மேல் ஒட்டிய டேப்பைக் காற்று தள்ளும் விசை வெறும் 0.63 நியூட்டன்தான். ஒரு கோழிமுட்டையின் எடை அளவு. அதனால்தான் சுற்றிய உடனே டேப் நன்றாகப் பிடித்திருப்பது போலத் தெரிகிறது. சுற்றியவரும் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறார்.

ஆனால் காற்று அந்தத் துளையோடு நின்றுவிடாது. பசைக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியில் நுழைந்து, டேப்பின் அடியில் ஒரு சிறு குமிழியாகப் பரவுகிறது. குமிழியின் விட்டம் 1 மில்லிமீட்டரிலிருந்து 10 மில்லிமீட்டராக வளர்ந்தால் விசையும் பத்து மடங்குதான் கூடும் என்று நினைத்துவிடாதீர்கள். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. விட்டம் பத்து மடங்கு என்றால் பரப்பு நூறு மடங்கு, விசையும் நூறு மடங்கு. ஒரு முட்டை இப்போது நூறு முட்டையாகிவிட்டது. பசை உரிய உரியப் பரப்பு கூடுகிறது, பரப்பு கூடக் கூட விசை கூடுகிறது, விசை கூட இன்னும் உரிகிறது. தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் தோல்வி இது. இன்னும் நான்கு சுற்று சுற்றினால்? சுருளாகச் சுற்றிய டேப்பின் ஓரங்களை ஒட்டியே காற்று வழி தேடிக்கொண்டு வெளியே வந்துவிடும். ஒயர் டேப் மின்கம்பியை மூடுவதற்காகச் செய்யப்பட்டது. நன்றாக இழுபடும், அதுதான் அதன் சிறப்பு. நமக்கு இங்கே வேண்டியதோ இழுபடாத ஒன்று.

இதைவிட முக்கியமான காரணம் குழாயின் உள்ளே இருக்கிறது. கண்ணாடி போலத் தெரியும் பிவிசி காற்றுக் குழாய் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். சுவருக்குள் வெள்ளை நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து ஓடுவது தெரியும். ரப்பர் குழாயிலும் அவை உண்டு, வெளியே தெரியாது. உள்பக்கத்து பிளாஸ்டிக்கின் வேலை காற்று கசியாமல் பார்த்துக்கொள்வது. அழுத்தத்தைத் தாங்குவது பெரும்பாலும் அந்த நூல்தான். உள் விட்டம் 8 மில்லிமீட்டர் உள்ள குழாயில் 10 சென்டிமீட்டர் நீளத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கக் காற்று செலுத்தும் விசை, 8 பார் அழுத்தத்தில் 640 நியூட்டன். சுமார் 65 கிலோ எடையுள்ள ஓர் ஆள் அதில் தொங்குவதற்குச் சமம்! அதே காற்று குழாயின் முனையைக் கழற்றிவிடத் தள்ளும் விசை 40 நியூட்டன்தான், அதாவது 4 கிலோ எடை.

இந்த இரண்டு விசைகளையும் சுவரின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் பங்கிட்டுப் பார்த்தால் அழகான ஓர் உண்மை கிடைக்கும். சுற்றுவாக்கில் சுவரை இழுக்கும் விசை சென்டிமீட்டருக்கு 32 நியூட்டன். நீளவாக்கில் 16 நியூட்டன். சரியாக இரண்டு மடங்கு. எந்த விட்டத்துக்கும் எந்த அழுத்தத்துக்கும் இந்த விகிதம் மாறாது. பொரிக்கும்போது சோசேஜ் எப்போதும் நீளவாக்கில் பிளப்பதும் இதே காரணத்தால்தான். அடுத்த முறை அம்மா பொரிக்கும்போது கவனியுங்கள்.

ஆக, கத்தி பட்டோ மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயில் உரசியோ அந்த நூல்களில் சில அறுந்துவிட்டால், அவை சுமந்த பாரத்தைச் சுமக்க அந்த இடத்தில் வேறு எதுவும் இல்லை. டேப் அந்த நூலுக்கு மாற்று ஆகாது. வெளியே பூசும் பசையும் ஆகாது. சைக்கிள் டியூப்புக்கு ஒட்டுப் போடுகிறோமே என்று கேட்டால், அங்கே டியூப்பைச் சுற்றி டயர் என்ற கவசம் இருந்து பாரத்தைத் தாங்குகிறது. டயருக்கு வெளியே எடுத்து 4 பார் காற்று அடித்தால் எந்த டியூப்பும் தாங்காது.

இனி, தண்ணீர்க் குழாய்க் கேள்விக்கு வருவோம். அழுத்தம் ஒன்றாகவே இருந்தாலும் தண்ணீரும் காற்றும் ஒன்றல்ல. படிவம் 4 இயற்பியலில் பாயில் விதி படிக்கிறீர்கள். ராபர்ட் பாயில் 1662இல் வெளியிட்டது. வெப்பநிலை மாறாதபோது அழுத்தமும் கன அளவும் எதிர்விகிதத்தில் இருக்கும். வீட்டில் பரவலாக இருக்கும் 24 லிட்டர் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அளவுமானி 8 பார் காட்டுகிறது. இங்கே பல மாணவர்கள் தவறு செய்வார்கள். அளவுமானி காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலாக உள்ளதை மட்டும். விதியில் போட வேண்டிய அழுத்தம் 9 பார். எனவே உள்ளே இருப்பது 216 லிட்டர் சாதாரணக் காற்று. 24 லிட்டர் தொட்டியிலேயே தங்கிவிடும். மீதி 192 லிட்டர் எப்போது வெளியே பாயலாம் என்று காத்திருக்கிறது. அதில் அடைந்துகிடக்கும் ஆற்றல் ஏறக்குறைய 25,000 ஜூல். 50 கிலோ எடையுள்ள உங்களை 50 மீட்டர் உயரத்துக்கு, ஏறக்குறைய 17 மாடி உயரத்துக்குத் தூக்கிவிடப் போதுமானது.

இப்போது அதே தொட்டியில் தண்ணீரை முழுக்க நிரப்பி, அதே 8 பாருக்கு அழுத்துங்கள். தண்ணீர் கிட்டத்தட்டச் சுருங்கவே சுருங்காது. 24 லிட்டரில் இரண்டு தேக்கரண்டிகூடக் குறையாது. சேமித்த ஆற்றல் 4 ஜூலுக்கும் குறைவு. 25,000 எங்கே, 4 எங்கே! தொழிற்சாலைகளில் அழுத்தத் தொட்டிகளைப் பெரும்பாலும் காற்றால் அல்லாமல் தண்ணீரால் நிரப்பிச் சோதிப்பது இதற்காகத்தான். தொட்டி கிழிந்தாலும் தண்ணீர் கொஞ்சம் பீறிட்டு நின்றுவிடும். காற்று அப்படி நிற்காது.

நேர்மையாக ஒன்றையும் சொல்ல வேண்டும். குழாய் பிய்ந்தால் இந்த 25,000 ஜூலும் ஒரே நொடியில் வெடித்துவிடாது. குழாயின் குறுகிய வழியாகத்தான் வெளியேற முடியும். ஆனால் அறுந்த முனையில் பித்தளை மூட்டு ஒன்று மாட்டியிருந்தால், அதைச் சாட்டையைப் போல வீசிக்கொண்டே இருக்க அந்த ஆற்றல் போதும். கண், பல், முழங்கை என்று எதில் படும் என்று சொல்ல முடியாது. பிடித்து நிறுத்தப் பாய வேண்டாம். சுவரிலுள்ள மின்சுவிட்சை அணைத்துவிட்டு, தொட்டிப் பக்கத்து வால்வை எட்டி மூட முடிந்தால் மூடிவிட்டு, முடியாவிட்டால் ஓடாமல் விலகி நின்றாலே போதும், சில நிமிடங்களில் காற்று தீர்ந்துவிடும்.

இதைப் படித்த பெற்றோர் சிலர், "அப்படியானால் பிள்ளைகளை அந்தப் பக்கமே விடக்கூடாது" என்பார்கள். அவர்கள் கவலை நியாயமானது. அதை நான் லேசாகத் தள்ளவில்லை. ஆனால் கம்ப்ரசர் வீட்டுக்குள் வந்துவிட்டது. நீங்கள் இல்லாத மதிய வேளையில் பிள்ளை அதை இயக்கத்தான் போகிறான். டேப்பின் அடியில் என்ன நடக்கிறது என்று தெரிந்த பிள்ளை அந்தக் குழாயைத் தொடமாட்டான். தெரியாத பிள்ளை விசில் சத்தம் வரும் இடத்தை விரலால் பொத்திப் பார்ப்பான். (செய்யவே கூடாத செயல் இது, அழுத்தக் காற்று தோலிலுள்ள சிறு காயத்தின் வழியே உடலுக்குள் புகுந்துவிடும். சட்டையிலுள்ள தூசியை அதைக்கொண்டு ஊதுவதும் அப்படித்தான்.) எனவே வேலையைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்பது என் யோசனை. குழாயைக் கழற்றி, வெட்டி, இணைப்பது மாணவர் வேலை. அப்போது அதில் காற்றே இல்லை. அது வெறும் பிளாஸ்டிக். காற்று ஏற்றிச் சோதிப்பது பெரியவர் அருகில் இருந்து செய்ய வேண்டிய வேலை.

முதலில், எந்தக் குழாய் பழுதுபார்க்கத் தகுந்தது என்ற முடிவு. இதில்தான் உண்மையான திறமை இருக்கிறது. வெட்டுவதும் முடுக்குவதும் பிறகு. குழாயை ஒரு வளையமாக மடக்கி, வளைவின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். நீளம் முழுக்க மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் அந்தக் குழாய் முடிந்துவிட்டது. நம் ஊர் வெயிலில் வருடக்கணக்கில் கிடந்த பிவிசியிலிருந்து அதை மென்மையாக வைத்திருக்கும் சேர்மங்கள் மெல்ல வெளியேறிவிடும். மிச்சமிருப்பது விறைத்த, நொறுங்கும் பிளாஸ்டிக். மேற்பரப்பு பிசுபிசுப்பாக ஒட்டினாலும் அதே தீர்ப்பு. சுருள் சுருளாக வரும் பாலியூரிதேன் குழாய்களில் சில வகைகள் ஈரப்பதத்தால் சிதைபவை. அலமாரியில் பெட்டியோடு வைத்திருந்த விளையாட்டுக் காலணியின் அடிப்பாகம் ஒருநாள் கேக் மாதிரி உதிர்ந்ததைப் பார்த்திருக்கிறீர்களா? அதே வேதியியல்தான். எங்காவது குழாய் புடைத்திருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று பொருள். அந்தப் பகுதி கட்டாயம் போக வேண்டும்.

மாறாக, நல்ல நிலையில் உள்ள குழாயில் ஒரே ஓர் இடத்தில் வெட்டுக் காயம், சூட்டுக் காயம், கார் ஏறிய நசுங்கல் என்றால் தாராளமாகப் பழுதுபார்க்கலாம். 10 மீட்டர் குழாயில் இரண்டு இணைப்புக்கு மேல் போனால் நான் புதிது வாங்கச் சொல்வேன். இது சட்டம் அல்ல, என் கணிப்பு. ஒவ்வோர் இணைப்பும் வழியைக் குறுக்குகிறது. 8 மில்லிமீட்டர் குழாய்க்குள் நுழையும் பித்தளைத் துண்டின் துளை 6 மில்லிமீட்டர் என்றால், காற்று போகும் பரப்பு 56 விழுக்காடாகக் குறைந்துவிடும்.

ஒரு முக்கியமான விலக்கு. இங்கே சொல்வது காற்றுக் குழாய்க்கு மட்டும். சமையல் எரிவாயுக் குழாயின் அழுத்தம் இதைவிட மிக மிகக் குறைவு. ஆனாலும் அதை வெட்டி இணைக்கவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். அங்கே ஆபத்து அழுத்தத்தில் இல்லை, கசிவில் இருக்கிறது. மண்தோண்டி இயந்திரங்களின் எண்ணெய்க் குழாய்களும் வீட்டு வேலை அல்ல.

சரி, வேலைக்கு வருவோம். மின்செருகியைக் கழற்றுங்கள். துப்பாக்கியின் விசையை அழுத்திக் காற்றை வெளியேற்றி, தொட்டியின் அடியிலுள்ள வடிகால் திருகையும் மெல்லத் திறந்து, அளவுமானி பூஜ்யம் காட்டும்வரை பொறுங்கள். கூடவே துருநிறத் தண்ணீரும் வரும், பயப்பட வேண்டாம். நம் ஈரக்காற்றை அழுத்தினால் தண்ணீர் பிரியத்தான் செய்யும். (அந்தத் திருகை வாரம் ஒருமுறையாவது திறந்துவிடாத வீடுகளில் தொட்டி உள்ளிருந்து அரித்துக்கொண்டிருக்கும். குழாயைவிடக் கவலைப்பட வேண்டிய விஷயம் அது.)

காயம் குழாயின் முனையை ஒட்டியே இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். கிளிப்பைத் தளர்த்தி, கெட்ட துண்டை வெட்டிவிட்டு, பழைய மூட்டையே மறுபடி மாட்டினால் போதும்; குழாய் ஒரு சாண் குட்டையாகும், அவ்வளவுதான். பெரும்பாலான குழாய்கள் கெடுவதும் அங்கேதான், துப்பாக்கியை இழுத்து இழுத்து மடங்கும் இடத்தில்.

காயம் நடுவில் என்றால் இரு பக்கமும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நல்ல பகுதியையும் சேர்த்து வெட்டுங்கள். கூர்மையான கத்தியால், குழாய்க்குச் செங்குத்தாக, ஒரே வெட்டு. வெட்டிய துண்டைக் கையோடு இரும்புக் கடைக்கு எடுத்துப் போங்கள். இரு முனையிலும் மீன் செதிலைப் போல வரிவரியாக விளிம்பு கடைந்த பித்தளைத் துண்டு ஒன்று வேண்டும். ஹோஸ் ஜாயின்ட் என்றால் எடுத்துத் தருவார்கள். கூடவே இரண்டு ஹோஸ் கிளிப். கவனிக்க வேண்டியது குழாயின் உள் விட்டம், வெளி விட்டம் அல்ல. பாலியூரிதேன் குழாயைத் தள்ளி மாட்டும் இணைப்புகளில் மட்டும் நேர்மாறாக வெளி விட்டத்தைப் பார்ப்பார்கள். கடைக்காரரே குழம்பும் இடம் இது. தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்க்கான பச்சைப் பிளாஸ்டிக் இணைப்பை மலிவாக இருக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். 8 பார் காற்றுக்கு அது செய்யப்படவில்லை.

பித்தளையை உள்ளே நுழைக்கக் குழாயின் முனையைச் சூடான தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். லைட்டர் வேண்டவே வேண்டாம். பிவிசி கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற எரிச்சலூட்டும் வாயு வரும், நூலும் உருகிவிடும். வழுக்குவதற்கு எண்ணெய் தடவாமல் துளி சோப்புத் தண்ணீர் போதும். எண்ணெய் காயாது, பிறகு குழாய் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். குழாயைத் தள்ளிக்கொண்டே நுழையுங்கள். பின்னிய நூல் தள்ளும்போது அகலமாகும், இழுக்கும்போது இறுகும். ஓலையில் பின்னி விரலில் மாட்டி விளையாடும் பொறியை நினைத்துக்கொள்ளுங்கள். இழுக்க இழுக்க விரலை விடாது. உங்கள் புது இணைப்பும் அதே தத்துவத்தில்தான் பிடித்துக்கொள்கிறது.

கடைசியில் கிளிப். திருகை முடுக்கினால் இறுகும் இந்த வளையத்தைப் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி லம்லி ராபின்சன் உருவாக்கி 1921இல் காப்புரிமை பெற்றார். ஜூபிலி கிளிப் என்ற பெயர் இன்றும் வழக்கில் இருக்கிறது. நூறு ஆண்டுகளாகப் பெரிதாக மாறாத பொருள், மாற வேண்டிய தேவையும் இல்லை. கிளிப் குழாயின் ஓர நுனியில் அல்ல, வரிவரியான பகுதியின் நேர் மேலே உட்கார வேண்டும். குழாய் சற்று அமுங்கும்வரை முடுக்குங்கள். கிளிப்பின் விளிம்பு குழாயை வெட்டும் அளவுக்கு அல்ல. வெள்ளை நிற டெஃப்லான் டேப் திருகுமரைக்கு உரியது. இங்கே அதற்கு வேலை இல்லை.

கிளிப்பை நம்ப மனமில்லை என்றால், தொழிற்பேட்டைப் பகுதிகளில் உள்ள ஹைட்ராலிக் குழாய்க் கடைகளில் இயந்திரத்தால் உலோக உறையை நெரித்து மாட்டித் தருவார்கள். அது நம் வேலையைவிட உறுதியானது. செலவு கூடுதல். தினமும் கம்ப்ரசரை நம்பிப் பிழைப்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

சோதனை. பெரியவர் ஒருவரைக் கூப்பிடுங்கள். இருவரும் கண் கவசம் போட்டுக்கொள்ளுங்கள். இணைப்பின் மேல் கனமான கால்மிதி ஒன்றைப் போட்டு, அழுத்தச் சீராக்கியை 2 பாருக்கு மட்டும் திறந்து சற்றுப் பொறுங்கள். பிறகு சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் காற்றை முழுக்க இறக்கிவிட்டு மறுபடி முடுக்குங்கள், காற்று இருக்கும்போது கிளிப்பைத் தொட வேண்டாம். குமிழி இல்லையென்றால் கால்மிதியை மறுபடி போட்டுவிட்டு, விலகி நின்று, வேலைக்குத் தேவையான அழுத்தத்துக்கு ஏற்றுங்கள். தேவையான அழுத்தம் என்கிறேன், இயந்திரத்தின் உச்ச அழுத்தம் அல்ல. காருக்குப் பொதுவாக 2.2 பார் அளவு போதும். டயருக்குக் காற்றடிக்க 8 பார் எதற்கு? சீராக்கியை 4 பாரில் நிறுத்தினால் நாம் மேலே கணக்கிட்ட விசை ஒவ்வொன்றும் பாதியாகிவிடும். இதுவே இந்தக் கட்டுரையில் மிக மலிவான பாதுகாப்பு. ஒரு குமிழைத் திருப்புவதுதான் செலவு.

"ஊசித் துளைதானே, கசிந்தால் கசியட்டும்" என்று விடுவோரும் உண்டு. 1 மில்லிமீட்டர் துளையில் காற்று ஒலியின் வேகத்தில் வெளியேறுகிறது; நொடிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் சாதாரணக் காற்று. 24 லிட்டர் தொட்டியின் பெரும்பகுதி மூன்று நான்கு நிமிடங்களில் தீர்ந்துவிடும். மோட்டார் ஓய்வே இல்லாமல் ஓடும், சூடேறும், மின்கட்டணம் ஏறும், பக்கத்து வீட்டுக்காரர் தூங்கமாட்டார்.

பள்ளிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மலேசியாவில் படிவம் 1 முதல் 3 வரை ரேக்கா பெந்துக் டான் தெக்னொலொஜி பாடம் இருக்கிறது. புதிதாக ஒன்றை வடிவமைக்கச் சொல்கிறோம், வரைபடம் கேட்கிறோம், அழகாக ஒப்படைத்தால் மதிப்பெண் தருகிறோம். நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே இருக்கும் ஒரு பொருள் ஏன் கெட்டது என்று கண்டுபிடித்து, அதைச் சரிசெய்யலாமா கூடாதா என்று முடிவெடுக்கும் பயிற்சிக்கும் இடம் வேண்டும். சிங்கப்பூரில் 2014இல் தொடங்கிய ரிப்பேர் கோப்பித்தியாம் அதைப் பள்ளிக்கு வெளியே செய்துகொண்டிருக்கிறது. பழுதான பொருளோடு வருகிறவருக்குத் தன்னார்வலர்கள் பழுதுபார்க்கும் விதத்தைக் கற்றுத் தருகிறார்கள். நம் தமிழ்ப்பள்ளி மண்டபங்களிலும் கோவில் மண்டபங்களிலும் மாதம் ஒரு சனிக்கிழமை அப்படி நடத்த முடியாதா? பட்டறையில் முப்பது வருடம் உழைத்து ஓய்வுபெற்ற மாமாக்கள் நம் சமூகத்தில் குறைவா என்ன? அவர்களிடம் இருக்கும் அறிவு எந்தப் பாடநூலிலும் இல்லை. நூலும் பிளாஸ்டிக்கும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் இந்தக் குழாய்களை மறுசுழற்சி செய்வதும் கடினம். ஒரு குழாய் இன்னும் ஐந்து வருடம் உழைத்தால் குப்பைமேட்டுக்கு அந்த அளவு நிம்மதி.

வெட்டி எடுத்த கெட்ட துண்டை எறிந்துவிடாதீர்கள், அதற்கு ஒரு வேலை இருக்கிறது. சுற்றுவாக்கில் இரண்டு பங்கு, நீளவாக்கில் ஒரு பங்கு என்று விசை கண்டோம் அல்லவா? இரண்டையும் ஒரே நூல் தாங்க வேண்டுமென்றால் அது எந்தக் கோணத்தில் சாய்ந்து ஓட வேண்டும்? குழாயின் நீள அச்சோடு அது செய்யும் கோணத்தின் டான்ஜென்ட்டை வர்க்கப்படுத்தினால் 2 வர வேண்டும். கால்குலேட்டரில் 2இன் வர்க்கமூலத்தை எடுத்து, எதிர் டான்ஜென்ட் பொத்தானை அழுத்துங்கள்: 54.7 பாகை. கோணம் இதைவிடக் குறைவாக இருந்தால் காற்று ஏற்றும்போது குழாய் குட்டையாகும். கூடுதலாக இருந்தால் நீளமாகும். இனி அந்தத் துண்டை மேசையில் வைத்து, நடுப்பகுதியில், அச்சுக்கு இணையாக ஒரு கோடு போட்டு, கோணமானியை எடுங்கள். ஐந்து இடங்களில் அளந்து சராசரி காணுங்கள். உங்கள் வீட்டுக் குழாய் காற்று ஏறும்போது நீளுமா, சுருங்குமா என்று முதலில் தாளில் எழுதிவைத்துவிட்டு, பிறகு பெரியவரைக் கூப்பிட்டு 4 பாரில் அளந்து பாருங்கள்.